வியாழக்கிழமை மாத்திரை

கறம்பக்குடியைத் தாண்டிப் போகிற ரோட்டில் ஒரு அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. ஊர்க்காரர்களுக்கு பி.டி. டீச்சர். காலையில் பிரேயருக்கு விசில் ஊதி வரிசையைச் சரிசெய்வது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, கோ-கோ டீமைத் தயார்செய்து சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப் போவது, இவைதான் என் வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "ஒடம்பு சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க, ஒங்களுக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லிவிட்டார். எடை, உயரம் எடுப்பது, கண் பரிசோதனைக்கு வரும் டாக்டருக்கு வரிசை நிறுத்துவது, நாப்கின் கொடுப்பது எல்லாம் என் தலையில் வந்தது. அதோடு வியாழக்கிழமைதோறும் சத்து மாத்திரை.

நீல நிறத்தில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரை. பெண்பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று வாரம் ஒன்று கொடுக்கிறார்கள். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். அதனால் மத்தியான இடைவேளை முடிகிற நேரத்தில் ஒவ்வொரு வகுப்பாகப் போவேன். குடத்தில் தண்ணீர், நாலைந்து டம்ளர். என் எதிரிலேயே விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் வழியே வெளியே போய்விடும், மழை பெய்தால் ஜன்னலுக்கு வெளியே தரை நீலமாகும்.

"சாப்பிட்டாச்சா எல்லாரும்?" என்று கேட்பேன்.

"சாப்பிட்டாச்சு டீச்சர்!" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும்.

அதைக் கேட்டுக்கொண்டுதான் கொடுப்பேன். அந்த ஆவணி மாச வியாழக்கிழமையும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் சொன்னார்கள்.

அன்றைக்கு மாத்திரை கொடுத்து முடித்த கையோடு ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியட். குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் காற்றும் அடித்தது. டீமில் இருந்த பிள்ளைகளை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மற்றவர்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

டீமிலேயே வேகமானவள் ஒருத்தி இருந்தாள். ஒல்லி. காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது எழுந்தால் தடுமாறுவாளோ என்று தோன்றும். "கோ" என்று முதுகில் தட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் போவாள். கம்பத்தைப் பிடித்து உடம்பைச் சுழற்றித் திரும்புவது அவளுக்கு மட்டும்தான் சரியாக வரும். பக்கத்தில் பூ விவசாயம் நடக்கிற கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

அன்றைக்கு அவள் கம்பத்தைப் பிடித்தாள், திரும்பவில்லை. அப்படியே நின்றாள்.

"என்னம்மா, ஓடு!"

"கண்ணு இருட்டுது டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போவதற்குள் வாந்தி எடுத்தாள். சோறு எதுவும் வரவில்லை. தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் மாத்திரையின் நீலம் கலந்து மண்ணில் கோடாக ஓடியது.

"ஐயோ, நீலமா வாந்தி எடுக்குறா!" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரல்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு யோசிக்க நேரமில்லை. அவளைத் தூக்கி நிழலில் படுக்கவைத்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடியில் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "டீச்சர், எனக்குக் கை மரத்துப்போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். விரல்கள் நிஜமாகவே இழுத்துக்கொண்டு நின்றன. வகுப்பறைகளிலிருந்தும் சத்தம் கேட்டது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பில் இரண்டு. மாடிப்படியில் ஒருத்தியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் கொடுத்த மாத்திரை. என் கையால் கொடுத்தது. அந்த நினைப்பு வந்ததும் மிச்சமிருந்த அட்டையைத் திருப்பித் தேதியை இன்னொரு தடவை படித்தேன். எத்தனையோ வருஷம் மைதானத்தில் நின்றவள், முட்டி பெயர்ந்த பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன், கை ஒடிந்த பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் பயம் பிறகுதான் வரும். இந்தத் தடவை அது முதலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

தலைமை ஆசிரியை ஓடிவந்தார். ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டிருந்தது.

"என்ன குடுத்தீங்க? எந்த டப்பா? தேதி பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். போன வாரம் குடுத்த அதே டப்பாதான்."

"ரிடையர் ஆகுற நேரத்துல எனக்கு ஏன் இப்படி…" என்று அவர் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எங்கள் பள்ளிக்கு வருகிற ரோடு அப்போது பாலம் வேலைக்காகப் பாதி வெட்டிப்போட்டிருந்தது. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. யார் சொன்னார்கள், எப்படித் தெரிந்தது என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே முதலில் இரண்டு பைக், பிறகு ஒரு ஷேர் ஆட்டோ, பிறகு வரிசையாக. "மாத்திரையக் குடுத்து புள்ளைங்களக் கொல்லப் பாக்குறாளுங்க" என்று ஒரு ஆள் கத்தினார். இன்னொருவர் கேட்டின் மேல் கையை நீட்டி செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்காமல் வைத்திருக்க முடியவில்லை. பெற்றவர்கள் அழுதுகொண்டு நிற்கும்போது எப்படிப் பூட்டிவைப்பது?

உள்ளே வந்தவர்களில் அந்தக் கோ-கோ பிள்ளையின் அம்மாவும் இருந்தாள். பூக்கமிஷன் கடையில் நின்றிருந்தவளை யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சேலைத் தலைப்பில் மல்லி அரும்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மகள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆத்தா, இங்க பாருத்தா, அம்மா வந்துட்டேன்" என்று கன்னத்தைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் குடுத்தீங்க எம்புள்ளைக்கி?"

கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"சத்து மாத்திரைதாம்மா. எல்லா வாரமும் குடுக்குறதுதான்."

"நல்ல மாத்திரைன்னா நீங்க போட்டுக் காட்டுங்க பாப்போம்!" என்று பின்னாலிருந்து அந்த வீடியோக்காரர்.

கையில் மிச்சம் இருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு, பிள்ளைகளின் டம்ளரிலேயே தண்ணீர் குடித்து விழுங்கினேன். நாக்கையும் நீட்டிக் காட்டினேன். அது தைரியம் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டம் கொஞ்சம் அமைதியானது. ஆனால் எல்லாருடைய கண்ணும் பிள்ளைகளை விட்டு என்மேல் திரும்பிவிட்டது. எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது, நான் சாப்பிடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து காலையில் முதல் டிரிப் பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் காபி மட்டும் குடித்துவிட்டு ஓடிவருகிறவள் நான். மத்தியானம் மாத்திரை கொடுக்கும் நாட்களில் டிபன் பாக்ஸைத் திறக்கவே மூன்று மணி ஆகும். அன்றைக்கு அதுவும் இல்லை. பாக்ஸ் மேஜையில் அப்படியே இருந்தது.

பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ புரள்வதுபோல் இருந்தது. பயமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நெஞ்சு வரைக்கும் வந்தது. எச்சில் ஊறியது. வியர்த்தது. இந்தக் கூட்டத்தின் நடுவில் நான் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வியர்வை இன்னும் கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போல் குடத்தை எடுத்துக்கொண்டு, வகுப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனேன். போய்ச் சேர்ந்ததும் குனிந்துவிட்டேன்.

நீலம்தான். எனக்கும் நீலம்தான்.

குழாயைத் திறந்து அதன்மேல் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அந்த அம்மா நிற்கிறாள். மகளின் முகத்தைத் துடைக்கச் சேலைத் தலைப்பை நனைக்க வந்திருக்கிறாள்.

"டீச்சர்… நீங்களும்?"

குழாயை மூடினேன். கட்டடத்துக்கு அந்தப் பக்கம் கூட்டத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் ஒரு வார்த்தை கத்தினால் போதும். அதற்கப்புறம் மாத்திரையையும் மறந்துவிடலாம், என் வேலையையும் மறந்துவிடலாம்.

"மாத்திரையாலதானே?" என்றாள்.

"தெரியலம்மா. வெறும் வயிறு. காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

"ஏன் சாப்பிடல?"

"நேரமில்ல."

அவள் தலைப்பை நனைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் மாறியது. நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

"அதுவும் சாப்பிடல டீச்சர்" என்றாள். "விடியக்காலையில என்கூடப் பூவெடுக்க வந்துச்சு. முகூர்த்த நாளு. அரும்பு வெடிக்கிறதுக்குள்ள எடுத்துப்புடணும். வீட்டுக்கு வந்து குளிச்சதும் பஸ் வந்துருச்சு, ஓடிருச்சு. மத்தியானந்தான் பள்ளிக்கூடத்துல சோறு போடுறாங்களே, சாப்பிட்டுக்கிரும்னு…"

"சாப்பிட்டாச்சான்னு கேட்டேம்மா. சாப்பிட்டேன்னு சொன்னா."

"கேட்டா அப்படித்தான் டீச்சர் சொல்லும். வேற என்ன சொல்லும்?"

தலைப்பை நனைத்துப் பிழிந்துகொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். வீடியோ எடுத்தவர் அவளிடம், "என்னக்கா, அந்த டீச்சர் எங்க போச்சு? ஏதும் ஆயிருச்சா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவள் அவரைப் பார்க்காமலே, "வண்டி எங்கிட்டு வருதுன்னு பாருங்கண்ணே மொதல்ல. போன வச்சுக்கிட்டு சும்மா நிக்கிறீங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. முடியாத பிள்ளைகளை அதிலும், மற்றவர்களை ஒரு வேனிலும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேனில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அதற்கு ஒன்றுமே இல்லை, பயந்து அழுதுகொண்டிருந்தது. அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகிவிட்டால், ஆகிவிட்டால் என்று அந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த வாக்கியம் என்னவென்று நினைக்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பதறாமல் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார். முதலில் விழுந்த அந்தப் பூக்காரம்மாவின் மகளுக்கு மட்டும் குளுக்கோஸ் ஏற்றினார். ரத்தம் எடுத்து அனுப்பினார். கை மரத்துப்போனவர்களைத் தனியாக உட்காரவைத்து, "மெதுவா மூச்சு விடுங்க, என்னைப் பாத்து விடுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. பயத்தில் வேக வேகமாக மூச்சு வாங்கினால் கை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார்.

"அந்த மொதல் பொண்ணு வெறும் வயித்துல போட்டிருக்கு, வெயில்ல ஓடியிருக்கு. வெறும் வயித்துக்கு இந்த மாத்திரை சில பேருக்கு ஒத்துக்காது, கொமட்டும். மத்த புள்ளைங்க அதப் பாத்துப் பயந்திருக்காங்க. பயந்தது பொய்யில்ல, நெஜமாவே வயிறு வலிக்கும், மயக்கம் வரும். ஆனா வெஷம் எதுவும் இல்ல."

என்னையும் பார்த்தார். "ஒங்களுக்கு என்ன?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுங்க. பிஸ்கட் இருந்தாலும் குடுங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்றேன்.

சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் எல்லாரும் தெளிந்துவிட்டார்கள். ஆனால் வீடியோ தெளியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதே என் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சேலை, என் விசில், என் குரல். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் புதுக்கோட்டை வரும்வரை தலைப்பால் விசிலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியிலிருந்துகூடக் குடிக்கவில்லை, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரிகள் வந்து மாத்திரை டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். எப்போது கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள், சாப்பிட்டார்களா என்று பார்த்தீர்களா. "கேட்டேன் சார்" என்றேன். "பாத்தீங்களா?" என்று மறுபடி கேட்டார் ஒருவர். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாத்திரையில் குறை எதுவும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். என்மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. ஆனாலும் மறு உத்தரவு வரும்வரை கொடுக்க வேண்டாம் என்றார்கள். தலைமை ஆசிரியை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடப் பயந்து உட்காரவைத்தே வைத்திருந்தேன். ஒருத்தி தும்மினாலும் திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை மட்டும் பள்ளிக்கு வரவே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போனேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லித் தோட்டம். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன், ஒன்றும் உருப்படியாகத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். அம்மா வந்து, "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்றாள். நாற்காலி போட்டாள். அப்பா போர்வெல் வண்டியில் வேலைக்குப் போயிருக்கிறார், மாசக்கணக்கில் வரமாட்டார் என்று சொன்னாள். ரத்தப் பரிசோதனையில் மகளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று வந்திருக்கிறது. வாரம் ஒன்று போதாது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் இருந்தது.

"போடலையா?"

"பயமா இருக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துல விழுந்தா நீங்கல்லாம் இருக்கீங்க. இங்க விழுந்தா நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்?"

பயப்படாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே பயமாகத்தான் இருந்தது. அதையே சொன்னேன்.

"எனக்கும் பயந்தாம்மா. ஆனா ரத்தம் இல்லாம அது ஓடிக்கிட்டு இருந்திச்சே, அத நெனச்சா அதவிடப் பயமா இருக்கு. நான் இங்கயே இருக்கேன். அது சாப்பிடட்டும், சாப்பிட்டுப் போடட்டும். என்ன ஆகுதுன்னு சேந்து பாப்போம்."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று வாய் நுனிவரை வந்தது. "இல்ல" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் தட்டு போட்டாள். சோறு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, சுட்ட கருவாடு. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி சாப்பிட்டது. நல்ல பசி. இரண்டாம் தடவையும் சோறு வாங்கியது. பிறகு அம்மா அட்டையைப் பிரித்து மாத்திரையைக் கையில் கொடுத்தாள். அது என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். விழுங்கியது.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அம்மா பூக்கூடையை எடுத்துத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நான் அந்தப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளுக்கிறதா, எச்சில் விழுங்குகிறதா என்று. ஒரு தடவை அது வயிற்றில் கை வைத்தது. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்லம்மா. நெறைய சாப்பிட்டேன்."

வெயில் வாசலிலிருந்து நகர்ந்து மதில் மேல் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. "டீச்சர், டீம்ல நான் இருக்கேனா, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டது. நான் வந்ததிலிருந்து அது என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏன் சாப்பிட்டேன்னு சொன்ன அன்னைக்கி?" என்று கேட்டேன்.

"சத்துணவு வரிசையில பெரிய பிள்ளைங்க யாரும் நிக்க மாட்டாங்க டீச்சர். நான் மட்டும் எப்படி நிக்கிறது?" என்றது. "காலையிலயும் நெறையப் பேரு சாப்பிடாமத்தான் வருவோம். எங்க பஸ்ஸுல வர்ற எல்லாருமே."

திங்கட்கிழமையிலிருந்து நான் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டேன். பிரேயர் வரிசையில் ஒவ்வொருத்தியிடமும், "காலையில தொட்டுக்க என்ன?" என்று கேட்டேன். சாப்பிட்டவள் யோசிக்காமல் சொல்வாள், சட்னி, பழைய குழம்பு, ஊறுகாய் என்று. சாப்பிடாதவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தவர்களை எண்ண இரண்டு கைவிரலும் போதவில்லை. அடுத்த காம்பவுண்டில் இருக்கிற தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கலும் உப்புமாவும் போடுகிறார்கள். அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்து எங்களிடம் வந்ததும் அது நின்றுவிடுகிறது. பசி நிற்பதில்லை.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். "இப்பத்தான் ஒரு பிரச்சினை ஓஞ்சிருக்கு. மறுபடி சாப்பாட்டுல கைவச்சு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதே பயம்தான் எனக்கும். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் சண்டை போடத்தான். அந்த வீடியோக்காரரும் இருந்தார்; அவர் மகள் ஏழாம் வகுப்பு. நான் எழுந்து காலை உணவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, "அப்ப நாங்க சோறு போடாம அனுப்புறோம்னு சொல்றீங்களா?" என்று குரல் வந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன்.

பின் வரிசையிலிருந்து பூக்காரம்மா எழுந்தாள்.

"எம்புள்ள அன்னைக்கி வெறும் வயித்தோடதான் வந்துச்சு" என்றாள். "நாந்தான் அனுப்புனேன். முகூர்த்த நாளுல நம்ம ஊர்ல எந்த வீட்டுல விடியமுன்ன அடுப்பு எரியுது, சொல்லுங்க பாப்போம்? எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அது விழுந்து கெடந்தப்ப வெக்கப்பட நேரமில்ல."

முன் வரிசையில் ஒரு அம்மா, "வாஸ்தவந்தான்" என்று சொன்னது மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. பிரேயர் முடிந்ததும் முதல் பீரியடுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சாப்பிட விடலாம் என்று முடிவானது. வீட்டில் முடியாதவர்கள் மத்தியானத்துக்குக் கட்டிய சோற்றில் பாதியை அப்போதே சாப்பிடட்டும், மத்தியானம் சத்துணவு வாங்கிக்கொள்ளட்டும் என்றோம். பூந்தோட்டத்து அம்மாக்கள் சிலர் முந்தின நாளே கடலையை அவித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். பஸ் லேட்டாகும் நாட்களில் சாப்பிட நேரம் இருக்காது. அப்போது கணக்கு டீச்சர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். மத்தியான வரிசையில் பெரிய பிள்ளைகள் நிற்பதற்காக நானும் இன்னும் இரண்டு டீச்சர்களும் தட்டோடு அதே வரிசையில் நின்றோம். கொஞ்ச நாளில் மற்ற இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் நிற்கிறேன். கூச்சம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் தட்டெடுத்து வருகிறார்கள்.

மாத்திரை கொடுக்க மறுபடி உத்தரவு வந்தபோது முதல் வாரம் கை நீட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். யாரையும் வற்புறுத்தவில்லை. பூக்காரம்மாவின் மகள் டாக்டர் கொடுத்ததை வீட்டில் போட்டுக்கொண்டிருந்ததால் பள்ளியில் அவளுக்குக் கிடையாது. ஆனால் அவள்தான் டம்ளரைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு வாரமும் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். வீடியோக்காரரின் மகள் ரொம்ப நாள் கழித்துத்தான் வாங்கினாள்.

குறுவட்டப் போட்டியில் பூக்காரம்மாவின் மகளை இறக்கவில்லை. ரத்தம் ஏறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரையிறுதியில் தோற்றோம். அவள் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். இந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு என்று சொல்லி அவர்களுடைய விளையாட்டு பீரியடை மற்ற டீச்சர்கள் கேட்கிறார்கள். ஒன்றை மட்டுமாவது விடாமல் வைத்திருக்கிறேன். அதற்கே மாசா மாசம் புதிதாக வந்திருக்கிற தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் அவள் இன்னும் பூவெடுக்கப் போகிறாள், ஆனால் டப்பாவோடு வருகிறாள். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. ஓடும்போது இப்போது அவளை நிறுத்துவதுதான் கஷ்டம்.

என் பயம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வியாழக்கிழமை மாத்திரை கொடுத்து முடித்ததும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஒவ்வொரு ஜன்னலிலும் எட்டிப் பார்ப்பேன். எந்தத் தலையாவது மேஜைமேல் கவிழ்ந்திருக்கிறதா, யாராவது வயிற்றில் கை வைத்திருக்கிறார்களா என்று. போன வாரம் பத்தாம் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், போங்க டீச்சர்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஜன்னலுக்குப் போனேன்.